பட்டப்பகலில் எதற்கு விளக்கு?

பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், "எண்ணெய் அதிகமாகிவிட்டதோ?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். ஆனால் இன்று சாலையில் ஓடும் புதிய கார்களைச் சற்றுக் கவனியுங்கள். நல்ல வெயிலிலும் முகப்பு விளக்கின் ஓரத்திலோ அதற்குக் கீழேயோ ஒரு வெள்ளை ஒளிக்கோடு எரிகிறது. அந்த ஒளி சாலையில் விழுந்து வழி காட்டுவதில்லை. ஓட்டுநருக்கு அதனால் எதுவும் கூடுதலாகத் தெரிவதுமில்லை. பின் யாருக்காக எரிகிறது? சாலையைக் கடக்க ஓரத்தில் நிற்கிற உங்களுக்காக. எதிரே வரும் வண்டிக்காரருக்காக.

பார்ப்பதற்கு ஒரு விளக்கு, பார்க்கப்படுவதற்கு மற்றொரு விளக்கு என்ற இந்த வேறுபாடு மோட்டார் உலகத்துக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது. இன்றும் பழைய கார் வைத்திருப்போர் பலர், கடையில் எல்.ஈ.டி. பகல் விளக்குகளை வாங்கித் தாமே பொருத்திக்கொள்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அது வெறும் அழகு. அதன் வரலாற்றை அறிந்தவர்களோ அதைப் பொருத்தும் முறையே வேறாக இருக்கும்.

வட அமெரிக்காவில் 1960களிலேயே பகலில் விளக்கெரித்து ஓட்டிப் பார்க்கும் சோதனைகள் நடந்தன. எனினும் அதை முதன்முதலில் நாட்டின் சட்டமாக்கியது பின்லாந்து. அது ஏன் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஹெல்சிங்கி நகரம் ஏறத்தாழ 60 பாகை வட அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதி சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23½ பாகையில் இருக்கும். 90இலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் 6½ பாகை மிஞ்சும். அதாவது உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறரைப் பாகை உயரத்தில்தான் நிற்கும்! கையை நீட்டி நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் உயரம் அது. பகல் பொழுதே ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. மரங்களின் நிழல் சாலையின் குறுக்கே நீண்டு கிடக்கும். பனி வெண்மையாக, வானம் சாம்பலாக, சேறு தெறித்த கார் அதே சாம்பலாக இருக்கும்.

இந்த நிலையில் இருவழிச் சாலையில் முன்னே செல்லும் லாரியைத் தாண்ட விரும்பும் ஓட்டுநரை எண்ணிப் பாருங்கள். அவர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார். எதிரே ஒரு கார் அதே வேகத்தில் வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று விநாடிக்கு 50 மீட்டர் வீதம் நெருங்குகின்றன. லாரியைத் தாண்ட 10 விநாடி ஆகுமென்றால், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் காரை அவர் இப்போதே கண்டுகொள்ள வேண்டும். அவ்வளவு தூரத்தில் ஒரு கார் எவ்வளவு பெரிதாகத் தெரியும் தெரியுமா? முழுநிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். சாம்பல் பின்னணியில் அத்தனைச் சிறிய சாம்பல் புள்ளியைக் கண் தவறவிடுவதில் வியப்பில்லை. நம் கண்ணுக்குப் பொருளின் நிறத்தைவிட, பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். அந்தப் புள்ளியில் இரண்டு ஒளிகள் இருந்தால், நேராகப் பார்க்காதபோதுகூட விழியின் ஓரப்பார்வை அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே 1972இல் பின்லாந்து, குளிர்காலத்தில் ஊருக்கு வெளியேயுள்ள சாலைகளில் பகலிலும் விளக்கெரிக்க வேண்டும் என்று விதித்தது. 1982இல் அது ஆண்டு முழுவதற்கும் விரிந்தது. 1997இல் ஊர்களுக்குள்ளும் வந்துவிட்டது. சுவீடன் இன்னும் துணிந்து, 1977 அக்டோபர் 1 முதல் எல்லாச் சாலைகளிலும், எல்லாப் பருவங்களிலும் இதைக் கட்டாயமாக்கியது. பத்து ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1967இல், சாலையின் இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு ஒரே நாளில் மாறிக்காட்டிய நாடு அது! நார்வே, ஐஸ்லாந்து, டென்மார்க் ஆகியவையும் 1990க்குள் இவ்வழிக்கு வந்தன. 1989 டிசம்பருக்குப் பின் செய்யப்படும் புதிய கார்கள் யாவற்றிலும் பகல் விளக்கு இருக்க வேண்டும் என்று கனடா ஆணையிட்டது.

இதனால் பலன் உண்டா? இங்கேதான் விஞ்ஞானிகள் நெடுங்காலம் வாதாடினார்கள். சுவீடனில் பகல் நேர மோதல்கள் குறைந்தன என்று முதலில் வந்த ஆய்வை, அதன் கணக்கு முறை சரியில்லையென்று 1995இல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் மறுத்தார்கள். மறு ஆண்டே நார்வேயைச் சேர்ந்த ரூனே எல்விக் பல நாட்டு ஆய்வுகளையும் ஒன்றாகத் தொகுத்துக் கணக்கிட்டார். பகல் விளக்கெரிக்கும் கார்கள் பிற வாகனங்களுடனோ பாதசாரிகளுடனோ மோதும் பகல் நேர விபத்துகள் 10 முதல் 15 சதவீதம் குறைகின்றன என்பது அவர் முடிவு. ஆனால் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2008இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தத்தில் குறிப்பிடத்தக்க பலன் உறுதிப்படவில்லை. சூரியன் உயரே நின்று காயும் நாடுகளில் பலன் குறைவாக இருப்பது இயற்கையே. மங்கல் பகல் உள்ள வடநாட்டின் எண்ணிக்கையை எடுத்து வெப்ப நாட்டுக்கு அப்படியே பொருத்துவது தவறு என்பது என் கருத்து.

எதிர்ப்பு வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள், "நாங்கள்தான் பகலில் விளக்கெரித்து எங்களைக் காட்டிக்கொள்கிறோம். கார்களெல்லாம் எரித்தால் அந்த வெளிச்சக் கூட்டத்தில் எங்களை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆஸ்திரியா 2005 நவம்பரில் பகல் விளக்கைக் கட்டாயமாக்கிவிட்டு, விளக்கில்லாத பாதசாரிகளும் சைக்கிள்காரர்களும் கண்ணுக்குப் படாமல் போகிறார்கள் என்ற கவலையும் எழுந்ததால், 2008 ஜனவரி 1 முதல் அச்சட்டத்தையே நீக்கிவிட்டது. நம் நாட்டில் சட்டம் கார்களை விட்டுவிட்டு நேரே இருசக்கர வாகனங்களுக்கு வந்ததையும் இங்கே நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கு தானே எரிகிறது. அணைக்கும் சுவிட்ச் கிடையாது. அது புதிதாக வந்தபோது, எதிரே வந்தவர்களெல்லாம் விரல்களைக் குவித்து விரித்து "லைட் எரியுது" என்று சைகை காட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மூன்றாவது எதிர்ப்பு எரிபொருளைப் பற்றியது. முகப்பு விளக்கில் 55 வாட் பல்பு இரண்டு. பின்விளக்கு, பக்க விளக்கு, எண் பலகை விளக்கு எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 150 வாட். இம்மின்சாரம் இலவசம் அன்று. எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் தான் பெறும் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல்தான் மின்சாரமாக்கும். எஞ்சினோ பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கை ஒட்டித்தான் சுழற்சியாக்கும். ஆகவே 150 வாட்டுக்காக எரியும் பெட்ரோல் மணிக்குச் சுமார் 100 மில்லிலிட்டர். ஒரு காருக்கு இது அற்பம். கோடிக்கணக்கான கார்களுக்கு அற்பமன்று. வோல்வோ போன்ற சுவீடன் நிறுவனங்கள் 21 வாட் பல்புகளைப் பக்க விளக்கில் அமைத்துச் செலவைக் குறைத்தன. முழுத் தீர்வு வந்தது வேறு திசையிலிருந்து.

1907இல் ஹென்றி ரவுண்ட் என்ற ஆங்கிலேயர், சிலிக்கான் கார்பைடு படிகத்தில் மின்சாரம் செலுத்தியபோது அது மங்கலாக ஒளிர்வதைக் கண்டு ஒரு சிறு குறிப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். 1920களில் ரஷ்யாவில் ஒலெக் லோசெவ் என்ற இளைஞர் அதே ஒளியைத் தனியே கண்டு, விடாமல் ஆராய்ந்தார். அவரைப் பற்றி நம் பாடநூல்களில் அதிகம் காண முடிவதில்லை, அது வருந்தத்தக்கது. லெனின்கிராடு நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, 1942இல், அவர் பட்டினியால் இறந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1962இல், அமெரிக்காவில் நிக் ஹோலொன்யாக் கண்ணுக்கு நன்கு தெரியும் சிவப்பு ஒளி தரும் டயோடை உருவாக்கினார். ஆனால் வெள்ளை ஒளிக்கு நீலம் வேண்டும். அந்த நீலம் எளிதில் வசப்படவில்லை. ஜப்பானின் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரின் உழைப்புக்குப் பின், 1993இல் ஷூஜி நகாமுரா பளிச்சென்ற நீல டயோடைச் செய்துகாட்டினார். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல டயோடின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசினால் இரு நிறமும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இன்றைய பகல் விளக்கு அதுதான். 2004இல் ஆடி நிறுவனம் தன் ஏ8 காரில் எல்.ஈ.டி. பகல் விளக்கை வைத்தது. இரண்டு விளக்குகளும் சேர்ந்து 15 வாட்டே கொள்ளும் என்ற நிலை வந்ததும், எரிபொருள் வாதம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. 2011 பிப்ரவரி 7 முதல், புதிதாக ஒப்புதல் பெறும் கார் வகைகளுக்குப் பகல் விளக்கை ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது.

பழைய கார்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் ஆசை இருந்தது. அதற்காகவே ஹெல்லா, ஆஸ்ராம், பிலிப்ஸ் போன்ற நிறுவனங்கள் தனித் தொகுப்புகளை விற்றன. மலிவான போலிகளும் கூடவே பெருகின. பெட்டியைப் பிரித்தால் இரண்டு விளக்கு, ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி, கொஞ்சம் ஒயர், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை! ஆனால் ஒவ்வொரு ஒயருக்குப் பின்னாலும் மேலே சொன்ன வரலாறு இருக்கிறது.

முதலில் விளக்கின் கண்ணாடியைப் பாருங்கள். ஐக்கிய நாடுகளின் 87ஆம் விதிப்படி சோதிக்கப்பட்டதென்றால் வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும், அருகே 'ஆர்.எல்.' என்ற எழுத்துகளும் பொறித்திருக்கும். அதன் பொருள், நேர் முன்னே ஒளிச்செறிவு 400 கேண்டெலாவுக்குக் குறையாது, எத்திசையிலும் 1,200ஐத் தாண்டாது என்பதாகும். 400க்குக் குறைந்தால் வெயிலில் தெரியாது. வளைத்து ஒட்டும் ஒளிப்பட்டைகள் இரவில் கண்ணைப் பறிக்கும். நண்பகலில் பத்தடியில் காணாமல் போகும். தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் 150 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் விளக்கு இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 60 சென்டிமீட்டர் வேண்டும். நெருங்கி வைத்தால் தூரத்தில் இரண்டும் ஒன்றாகி, கார் ஒரு மோட்டார் சைக்கிளாகத் தோன்றும். சிலர் பம்பரின் சாய்வுக்கேற்ப விளக்கை மேல்நோக்கிச் சாய்த்துவிடுகிறார்கள். விளக்கு நேர் முன்னோக்கி நிற்க வேண்டும். இல்லையேல் அதன் ஒளி பறவைகளுக்கே பயன்படும்.

அடுத்து ஒயர்கள். சிவப்பு ஒயர் பாட்டரியின் நேர் முனைக்கு, கறுப்பு எதிர் முனைக்கு. நேர் முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைக்க வேண்டும். பம்பரின் தகட்டில் உராய்ந்து ஒயர் தேய்ந்தால் காரைத் தீயிலிருந்து காப்பது அந்தச் சிறு கம்பிதான். எஞ்சின் ஓடுகிறதா என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி எப்படி அறிகிறது? நின்றிருக்கும் காரின் பாட்டரி 12½ வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஆல்டர்னேட்டர் சுழன்றால் அது 14ஐ ஒட்டி ஏறும். பல பெட்டிகள் 13 வோல்ட்டைத் தாண்டியதும் விளக்கை ஏற்றிவிடும். அண்மைக் காலக் கார்களில் எரிபொருளைச் சிக்கனப்படுத்த ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை வேண்டுமென்றே ஏற்றி இறக்குகிறார்கள். அத்தகைய காரில் இந்தப் பெட்டி குழம்பிப்போய், ஓடும்போதே விளக்கை அணைத்து அணைத்து ஏற்றும். அங்கே இக்னிஷன் சாவியோடு சேர்ந்து மின்சாரம் பெறும் ஒயரைத் தேடிப்பிடித்து இணைப்பதே வழி.

மூன்றாவது ஒயர் ஒன்று உண்டு. பலர் அதைத்தான் சுருட்டிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். அது பக்க விளக்கின் மின்கம்பியோடு சேர வேண்டியது. இரவில் விளக்கைப் போட்டதும் பகல் விளக்கு அணைய வேண்டும், அல்லது மங்க வேண்டும் என்று சொல்வது அந்த ஒயரே. நண்பகலுக்காக அளந்த 1,000 கேண்டெலா, இருட்டில் எதிரே வருபவரின் விழியைக் கூசவைக்கும்.

கட்டாயமாக்கிய நாடுகளே தாமதமாகக் கண்டறிந்த ஒரு குறை இனித்தான் வருகிறது. பகல் விளக்கு முன்னால் மட்டும் எரிகிறது. அந்தி சாயும்போது, அல்லது மழை பிடித்துக்கொண்டபோது, ஓட்டுநர் தன் முன்னே ஏதோ வெளிச்சம் தெரிவதைக் கண்டு, விளக்குப் போட்டிருக்கிறோம் என்று எண்ணிக்கொள்கிறார். கருவிப் பலகையும் இக்காலத்தில் எந்நேரமும் ஒளிர்கிறது. ஆனால் பின்னால் முழு இருட்டு! பின்னே வரும் லாரிக்கு அந்தக் கார் தெரியாது. பகல் விளக்கை 1989இலேயே கட்டாயமாக்கிய கனடா, இவ்வகைக் கார்களைப் பற்றிய புகார்கள் பெருகியபின் விதியைத் திருத்தியது. 2021 செப்டம்பர் முதல் அங்கு வரும் புதிய வாகனங்களில் பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும். அல்லது இருட்டில் எல்லா விளக்குகளும் தாமே எரிய வேண்டும். அல்லது ஓட்டுநர் உணரும்படி கருவிப் பலகை இருண்டு கிடக்க வேண்டும்.

வீட்டில் பொருத்தும் தொகுப்புகளில் பெரும்பாலானவை பின்விளக்கைத் தொடுவதே இல்லை. ஆகவே வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, மாலை ஆறரை மணிக்கு, காரின் பின்புறமாக இருபது அடி நடந்து சென்று திரும்பிப் பாருங்கள். சுவிட்சைக் கையால் போடுகிறவரை அங்கே ஒன்றும் எரியாது.