கொங்குநாட்டில் வெப்பமண்டலத் தோட்டம்

கோயம்புத்தூர் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில், வெப்பமண்டலத்துக்குள்ளேயே அமைந்துள்ளது. ஆயினும் இன்று அங்கே வீடுகளின் முன் ‘வெப்பமண்டலப் பாணி’ என்று அமைக்கப்படும் தோட்டம் அந்த ஊர் நிலத்தைச் சார்ந்ததன்று. அகன்ற இலைகளும் அடுக்கடுக்கான நிழலும் கொண்ட மழைக்காட்டின் சாயல் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் உள்ள கோவைச் சமவெளியிலோ ஆண்டு மழை ஏறத்தாழ 600 முதல் 700 மி.மீ. மட்டுமே.

பழைய கொங்குக் குடியானவர் வீட்டில் தோட்டம் கிணற்றைப் பின்பற்றியே அமைந்தது. கவலை இறைத்த நீர் வயலுக்குப் போனது. குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவிய நீர் புறக்கடையில் வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது. அருகே முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு வறட்சி தாங்கும் கிளுவை வேலியானது. அழகுக்கென்று தனியாக நீர் செலவழிக்கும் வழக்கம் அரிது.

ஈரநிலச் செடிகள் இப்பகுதியில் வேரூன்றியது மலையடிவாரத்தில். நீலகிரி 1868 வரை கோயம்புத்தூர் மாவட்டத்துடன் சேர்ந்திருந்தது. மாவட்டக் கலெக்டராக இருந்த ஈ. பி. தாமஸ், குன்னூர் மலைப்பாதையில் சுமார் 2,400 அடி உயரத்தில் உள்ள பர்லியாறில் தம் சொந்த முயற்சியில் ஒரு தோட்டம் தொடங்கினார். அதை 1871இல் அரசு வாங்கியது. மங்குஸ்தான், சாதிக்காய், கிராம்பு போன்ற கீழைத்தீவு மரங்கள் அந்த ஈரப் பள்ளத்தாக்கில் காய்த்தன. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயில் பாதை 1899இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே அடிவாரத்தில் கல்லாறு பழப்பண்ணை அமைந்தது. கன்று வாங்க மலையேறத் தேவையில்லாமல் போயிற்று.

பூச்செடிகள் வந்த வழி வேறு. பிரேசில் நாட்டுக் காகிதப்பூ, மடகாஸ்கரின் விசிறிவாழை, அமெரிக்க வெப்பநாடுகளின் கல்வாழை ஆகியவை ஐரோப்பியர் வழியாகப் பரவி, பங்களா முற்றங்களிலிருந்து ஊர் வீடுகளுக்கு வந்தன. பெயர்கள் சில சமயம் வழி தவறச் செய்யும்: ஈழத்தலரி ஈழத்துக்கு உரியதன்று, அதுவும் அமெரிக்கச் செடியே. இவற்றில் காகிதப்பூவும் ஈழத்தலரியும் கொங்கு வெயிலுக்கு ஈடுகொடுத்தன. மங்குஸ்தான் அப்படியன்று. இளங்கன்றுக்கு நிழலும் காற்றில் ஈரமும் வேண்டும், முதற்காய்க்கு ஏழு முதல் பத்து ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். சமவெளியில் நட்டவர்கள் பெரும்பாலும் கருகிய இலைகளையே கண்டனர்.

கோவை நகரத்துக்குள் தோட்டம் பெருகியதற்குச் சிறுவாணி நீர் ஒரு காரணம். அதற்காகப் பலகாலம் குரல் கொடுத்தவர் சே. ப. நரசிம்மலு நாயுடு (1854–1922). கிணற்றின் அளவோடு நின்றிருந்த பசுமை, குழாய் வந்தபின் வீட்டு முன்புறத்துக்கு நகர்ந்தது. புல்தரையும் ஹெலிகோனியாவும் பின்னர் வந்து சேர்ந்தன.

இப்பாணிக்கு இன்று பலர் முன்மாதிரியாகக் காட்டுவது ஜெஃப்ரி பாவா 1948இல் வாங்கிச் செப்பனிட்ட இலங்கையின் லுனுகங்கா தோட்டம். அது பெந்தோட்டை அருகே, பெருமழை பெய்யும் ஏரிக்கரையில் உள்ளது. அதன் இலைகளை மட்டும் எடுத்துவந்து, ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியைத் தாண்டும் ஊரில் நடுவது பாவாவைப் பின்பற்றுவதாகாது. இருந்த மரத்தையும் மேட்டையும் நீரையும் வைத்தே அவர் தோட்டம் அமைத்தார். அந்த வகையில் சலவைநீரில் வாழை வளர்த்த புறக்கடை லுனுகங்காவுக்கு நெருக்கமானது.

கல்லாறு பண்ணையோ வேறொரு கேள்வியைச் சந்தித்தது. நூறாண்டு கடந்த அதன் மரங்கள் யானைகளின் வழித்தடத்தில் நிற்கின்றன. பண்ணையை அங்கிருந்து மாற்றுவது குறித்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கன்றுகளை வேறிடத்தில் வளர்க்கலாம். முதிர்ந்த மங்குஸ்தான் மரங்களைப் பெயர்த்து நடுவது எளிதன்று.