'நானே பாத்துக்கிறேன்ப்பா!' - நாய்க்குட்டி வாங்கும் முன் ஒரு கணக்கு

மாலை 6 மணிக்கு மேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள். அப்போது நாயோடு நடப்பவர்களைப் பார்த்துவிட்டால் போதும், வீடு திரும்புவதற்குள் உங்கள் பிள்ளை கேட்டுவிடும்: "அப்பா, ப்ளீஸ்... ஒரே ஒரு குட்டி. நானே பாத்துக்கிறேன்!"

சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுங்க. நாய் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள் வாழும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15-ஐயும் தாண்டும். மகளுக்கு இப்போது 8 வயது என்றால், அவள் ப்ளஸ் டூ எழுதும்போது நாய்க்கு 9 வயது. மூட்டுவலி, பல் கோளாறு, கண்புரை எல்லாம் எட்டிப் பார்க்கிற நேரம். அடுத்த வருஷம் அவள் சென்னையிலோ கோவையிலோ ஹாஸ்டலில் இருப்பாள். விடியற்காலையில் கதவைப் பிறாண்டி எழுப்புவது உங்களைத்தான்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது, முடி வாரிவிடுவது எல்லாம் 8 வயதில் நன்றாகவே செய்யும். தடுப்பூசித் தேதிகள் உங்கள் பொறுப்பு. 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பருக்கான முதல் ஊசி, சில வார இடைவெளியில் பூஸ்டர், 3 மாதத்தில் ரேபிஸ், பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் மறுபடியும். குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மருத்துவமனையும் இருப்பது நமக்கு வசதி.

இன்னொன்று, திட்டுவார்களோ என்று பயந்து கடியையும் கீறலையும் பிள்ளைகள் மறைப்பார்கள். 'கடிச்சா உடனே சொல்லு, திட்ட மாட்டேன்' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டு நாய்தானே என்று விடக் கூடாது.

'நாய் வேண்டாம், குட்டி ஆமை போதும்' என்று நினைக்கிறீர்களா? கடையில் உள்ளங்கைக்குள் அடங்கும் சிவப்புக் காது ஆமை, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். 20, 30 வருஷம் வாழும். அலுத்துப்போய் ஊசுட்டேரியில் விட்டால் நம்ம ஊர் ஆமைகளின் இரைக்கும் இடத்துக்கும் போட்டி. பச்சைக்கிளி பற்றி யோசிக்கவே வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம்.

2024 நவம்பர் 30 இரவை நம்ம ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் வெள்ளம். அப்படியொரு ராத்திரியில் 30 கிலோ லேப்ரடாரை யார் மாடிக்குத் தூக்குவது? படகு வந்தால் அதற்கும் இடம் இருக்குமா? எந்தச் சொந்தக்காரர் வீட்டில் நாயோடு சேர்த்துக்கொள்வார்கள்? இதற்குப் பதில் தெரிந்த பிறகு குட்டியைத் தேடுங்கள். வாங்கிவிட்டு, முடியவில்லை என்று பட்டினியில் தவிக்கத் தெருவில் விட்டுவிடுவது 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

இன்னும் மனசு கேட்கலையா? ஒரு மாசம் ட்ரையல் பாருங்க. தினமும் காலை 6 மணிக்கு, மழையோ ஞாயிற்றுக்கிழமையோ, பிள்ளையும் நீங்களும் வெறும் கையோடு அரை மணி நேரம் நடங்க. எத்தனையாவது நாளில் யார் முதலில் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள்.