வட்டப் பாதையா, ஷண்டிங் பலகையா?

வயது வந்த பிறகு மாதிரி ரயில் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எந்த இன்ஜின் வாங்குவது என்றுதான் முதலில் தேடுவார்கள். அந்த இன்ஜின் எந்தப் பாதையில் ஓடப்போகிறது என்பது அதற்கும் முன்னால் முடிவாக வேண்டிய விஷயம். இதற்கு உலகில் இரண்டு பழைய விடைகள் இருக்கின்றன. ஒன்று அமெரிக்க வழக்கம்: எட்டுக்கு நாலு அடி பிளைவுட் பலகை, அதன்மேல் ஒரு வட்டப் பாதை. இன்னொன்று இங்கிலாந்தில் பிறந்த ஷண்டிங் பலகை, அதாவது வேகன்களைக் கழற்றிக் கோத்து வரிசைப்படுத்துவதற்கான பலகை: சுவரோரம் ஒரு ஒடுக்கமான பலகை, தடம் மாற்றும் இரண்டு பாயிண்ட், எட்டு வேகன். புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இரண்டில் எது பொருந்தும் என்பதுதான் இங்கே ஆய்வு.

ஒப்பிட ஒரே அளவுகோல் வேண்டும். உலகில் மிக அதிகமாகப் புழங்கும் எச்ஓ அளவையே இரண்டுக்கும் வைத்துக்கொள்வோம். அதில் எல்லாமே நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு; தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

அமைப்பு

வட்டப் பாதைக்கு அதிக விளக்கம் தேவையில்லை. கடையில் பெட்டியாகக் கிடைக்கும் தொடக்கத் தொகுப்புகளில் ஒரு இன்ஜின், சில பெட்டிகள், மின்சாரம் தரும் கருவி ஆகியவற்றோடு வளைவுத் துண்டுகளும் இருக்கும். 18 அங்குல ஆரமுள்ள துண்டுகள் பன்னிரண்டைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம். நடுவே நேர்த் துண்டுகளைச் செருகினால் நீள்வட்டம். அன்று மாலையே ரயில் ஓடிவிடும்.

ஷண்டிங் பலகையில் புகழ்பெற்றது, ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த 'இங்கிள்நூக் சைடிங்ஸ்'. அதில் மூன்று சைடிங்குகள், அதாவது வேகன்கள் நிற்கும் கிளைத் தடங்கள். நீளமானதில் ஐந்து வேகன்கள் நிற்கும். மற்ற இரண்டில் மும்மூன்று. இன்ஜின் முன்னும் பின்னும் போய்வரும் பாதையில் இன்ஜினோடு மூன்று வேகன்களுக்கு மட்டும் இடம். எட்டு வேகன்களுக்கும் எண் எழுதிச் சீட்டுக் குலுக்கி, ஐந்து சீட்டை எடுக்க வேண்டும். அந்த ஐந்து வேகன்களை அதே வரிசையில் கோத்து நீளமான சைடிங்கில் நிறுத்துவதுதான் ஆட்டம். ரயில் எங்கும் பயணம் போவதில்லை. ஒரு யார்டின் அன்றாட வேலை மட்டும் நடக்கிறது.

இடம்

எட்டுக்கு நாலு பலகை நம் ஊர் பிளைவுட் கடையிலும் அதே அளவில்தான் கிடைக்கிறது. ஆசாரி கால் அடித்துக் கொடுத்தால் மேசை தயார். ஆனால் சிக்கல் அதற்குப் பிறகுதான் தெரியும். ஒருவர் கையை நீட்டி எளிதாக வேலை செய்யக்கூடிய தூரம் இரண்டு, இரண்டரை அடி. நாலு அடி அகல மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கம் தடம் புரண்ட பெட்டியை எடுக்க மேசைமேல் ஏற வேண்டியிருக்கும். எனவே இரண்டு நீளப் பக்கங்களிலும் ஒரு ஓரத்திலும் இரண்டிரண்டு அடி விட வேண்டும். அப்போது 32 சதுர அடி மேசை பத்துக்கு எட்டு, அதாவது 80 சதுர அடி தரையைப் பிடித்துக்கொள்கிறது. சென்னை அடுக்குமாடி வீட்டின் பத்துக்குப் பத்து அறையில் அதற்குமேல் கட்டில்கூடப் போட முடியாது.

ஷண்டிங் பலகைக்கு ஆகும் இடத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாற்பது அடி நீளமுள்ள அமெரிக்கச் சரக்கு வேகன் எச்ஓ அளவில் 14 சென்டிமீட்டர். ஐந்து வேகன், இரண்டு பாயிண்ட், இன்ஜினோடு மூன்று வேகன் என்று கூட்டினால் நீளம் சுமார் ஆறு அடி, அகலம் ஒரு அடி. புத்தக அலமாரிக்கு மேலேயே வைத்துவிடலாம். இடம் என்ற அளவில் போட்டியே இல்லை.

ஓட்டம்

ஓடுகிற ரயிலைப் பார்க்கும் இன்பத்தை வட்டப் பாதைதான் தரும். வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டு, ரயிலை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பது ஒரு சுகம். வீட்டுக் குழந்தைகளுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் அந்தப் பாதையின் உண்மையான நீளத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். எட்டுக்கு நாலு பலகையில் 22 அங்குல ஆரத்தில் போடும் நீள்வட்டம் ஏறக்குறைய 19 அடி. அதை 87-ஆல் பெருக்கினால் நிஜ உலகில் அரைக் கிலோமீட்டர்தான். நம் விரைவு ரயில்களில் ஓடும் எல்ஹெச்பி பெட்டி ஒன்று 24 மீட்டருக்குச் சற்றே குறைவு. 22 பெட்டியும் இன்ஜினும் சேர்ந்தால் அரைக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நம் விரைவு ரயிலை அப்படியே சுருக்கி அந்தப் பாதையில் வைத்தால், இன்ஜின் கடைசிப் பெட்டியின்மீது முட்டி நிற்கும். நாலைந்து பெட்டியோடு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு ஈடாக ஓட்டினாலும், ஒரு சுற்று முடிய அரை நிமிடம் போதும். ஆக, அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதே ரயில் அதே ஸ்டேஷனுக்கு வருகிறது.

வளைவும் இப்படித்தான். 22 அங்குலம் என்பது நிஜத்தில் 49 மீட்டர் ஆரம்கூட இல்லை. இந்திய அகலப் பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவே 175 மீட்டர் ஆரம். அதை எச்ஓ அளவில் அமைக்க நாலு மீட்டருக்கு மேல் அகலமான மேசை வேண்டும். அதனால் பலகை வளைவுகளில் நீளமான பயணிகள் பெட்டிகள் பக்கவாட்டில் துருத்தும், சில சமயம் தடம் புரளும்.

ஷண்டிங் பலகையில் இந்தக் குறை எழுவதில்லை, ஏனென்றால் அங்கே விரைவு ரயிலே இல்லை. இது அதன் பலமும் பலவீனமும். பாண்டியன் எக்ஸ்பிரஸும் ராஜதானியும் ஓட வேண்டும் என்று கனவு காண்பவருக்கு அந்தப் பலகையில் ஒன்றுமே கிடைக்காது. சரக்கு யார்டில் இன்ஜின் வேகன்களை இடித்துச் சேர்க்கும் ஓசையை நின்று கேட்டவருக்கோ அலுக்காது. எட்டில் ஐந்தை வரிசைப்படுத்த 6,720 வழிகள் உண்டு. நாளுக்கு ஒரு ஆட்டம் என்றால் எல்லாவற்றையும் ஆடி முடிக்க 18 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

கற்றுக்கொள்வது

வட்டப் பாதை பிழை பொறுக்கும். தண்டவாளத்தில் அழுக்கு இருந்தாலும் வேகத்தில் இன்ஜின் அந்த இடத்தைத் தாண்டிவிடும். சக்கரம் வழியாகத்தான் மின்சாரம் போகிறது, இணைப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியாமலே சில மாதங்கள் ஓட்டிவிடலாம்.

ஷண்டிங் பலகை எதையும் பொறுக்காது. ஊர்ந்துபோகும் வேகத்தில் சிறு தூசியும் இன்ஜினை நிறுத்தும். பாயிண்டின் நடுவில் பிளாஸ்டிக் பகுதி இருந்தால், சக்கரம் குறைந்த சிறிய இன்ஜின் அங்கேயே நின்றுபோகும். கொக்கிகள் ஒரே உயரத்தில் இல்லையென்றால் கழற்றுவதும் கோப்பதும் நடக்காது. தொடக்கத்தில் இது எரிச்சலூட்டும்தான். ஆனால் தண்டவாளத்தைத் துடைப்பது, பாயிண்டுக்கு ஒயர் இழுப்பது, வேகனின் எடையைச் சரிசெய்வது, கொக்கியை ஒழுங்குபடுத்துவது ஆகிய நான்கையும் ஆறு அடிக்குள் கற்றுத் தந்துவிடுகிறது. பெரிய அமைப்பு கட்டுபவருக்கும் தேவைப்படுவது இதே நான்குதான். இங்கே பிழை செய்தால் கெடுவது ஒரு பாயிண்ட். பெரிய மேசையில் செய்தால் மேசையையே பிரிக்க நேரும்.

செலவிலும் ஷண்டிங் பலகையின் கை ஓங்கியிருக்கிறது. நம் நாட்டில் எச்ஓ சாமான்கள் பெரும்பாலும் இறக்குமதி. ஒரு இன்ஜின், எட்டு வேகன், இரண்டு பாயிண்ட் என்று பட்டியல் முடிந்துவிடுவது பர்ஸுக்கு நல்லது. ஒரே இன்ஜின் என்பதால் ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனி முகவரி தரும் டிசிசி முறையும் உடனே தேவையில்லை; 12 வோல்ட் நேர்மின்சாரமே போதும்.

வளர்ச்சி

பலகையின் முனையில் இன்னொரு பலகையைச் சேர்த்தால் சைடிங் ஊராகும். அறையைச் சுற்றி நாலு சுவரிலும் கொண்டுபோனால் நடு அறை காலியாகவே இருக்க, அகலமான வளைவோடு ஒரு வட்டப் பாதையும் கிடைத்துவிடும். எட்டுக்கு நாலு மேசையை இப்படி வளர்ப்பது கடினம், முடியாதது அல்ல. கலிபோர்னியாவின் மான்டரே நகரில் 'கோரி அண்ட் டெஃபீட்டட்' என்ற புகழ்பெற்ற எச்ஓ அமைப்பைக் கட்டிய ஜான் ஆலன், ஏறக்குறைய ஆறரைக்கு மூன்றரை அடி மேசையில் ஒரு சிறிய அமைப்பாகத்தான் அதைத் தொடங்கினார். பிறகு அந்த மேசையைப் பெரிய அமைப்புக்குள்ளேயே பொருத்திக்கொண்டார். வட்டத்துக்கு ஆதரவாகச் சொல்ல இதைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஆனால் 'டைம்சேவர்' என்ற ஷண்டிங் புதிரை உருவாக்கி 1972-இல் அமெரிக்காவின் 'மாடல் ரயில்ரோடர்' இதழில் வெளியிட்டவரும் அவரே. மலையும் பாலமுமாய் ஒரு பேரமைப்பை வைத்திருந்தவருக்கும் சில அடிப் பலகையில் வேகன் தள்ளுவது தனி விளையாட்டாக இனித்தது.

முடிவு

குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கத்தான் ரயில் வேண்டும், தனி அறையும் இருக்கிறது என்றால் வட்டப் பாதையே சரி. அதில் குறைந்தது 22 அங்குல வளைவைப் போடுங்கள், உட்பக்கம் ஒரு சைடிங்குக்கு இப்போதே பாயிண்ட் வையுங்கள். மற்ற எல்லோருக்கும், குறிப்பாக மாலையில் அரை மணி நேரமும் ஒரு சுவரும் மட்டும் உள்ளவர்களுக்கு, ஷண்டிங் பலகைதான் முதல் படி. கட்டி முடிக்காமல் மூலையில் சாய்த்துவைக்கும் பெரிய மேசையைவிட, ஒரே மாதத்தில் முடிந்து தினமும் ஓடுகிற ஆறு அடிப் பலகை மேலானது. பிளைவுட் கடைக்குப் போனால் முழுப் பலகை வாங்காதீர்கள்; ஆறுக்கு ஒரு அடி வெட்டித் தரச் சொல்லுங்கள்.