கண்டனமும் கப்பலும்

1937இல் ஜப்பானியப் படை நான்கிங் நகரில் சிந்திய செங்குருதியை நாகரிக நாடுகள் கண்டித்தன. கண்டித்துக்கொண்டே அதே ஜப்பானுக்கு இரும்பும் எண்ணெயும் விற்றன! ஆனால் நாம் போற்றவேண்டியது ஆஸ்திரேலியத் துறைமுகமாம் போர்ட் கெம்ப்ளாவை. 1938 நவம்பரில், ஜப்பான் செல்லவிருந்த 'டால்ஃப்ராம்' கப்பலில் இரும்புப் பாளங்களை ஏற்ற மறுத்தனர், சுமைதூக்கிப் பிழைக்கும் தோழர்கள் — சீனத்து ஏழையின் தலையில் குண்டாக விழுமே என்று! அயல்நாட்டுக் கொள்கையை வகுப்பது அரசாங்கமா, துறைமுகத் தொழிலாளரா எனச் சீறினார் சட்ட அமைச்சர் ராபர்ட் மென்சிஸ். அவ்வரசாங்கமோ, அதே ஆண்டில், நாட்டுக்கு இருப்புப் போதாதெனக் கூறி இரும்புத்தாது ஏற்றுமதியைத் தடுத்திருந்தது. தாதுவுக்குத் தடை, உருக்கி எடுத்த இரும்புக்கோ வழியனுப்பு விழா! ஆலை மூடப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பத்து வாரம் தாக்குப்பிடித்தவர்கள், 1939 ஜனவரியில், கண்டனக் குரலோடு பாளங்களை ஏற்றினர். 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரின்மீது குண்டு பொழிந்தன. மென்சிஸ் பிரதமராகவே ஆனார். 'இரும்புப்பாள பாப்' என்று தொழிலாளர் சூட்டிய பட்டமோ அவரைக் கடைசிவரை விடவில்லை.