தன்விழுங்கல்: தில்லை இலையிலும் நெல் வயலிலும்

செல் தன் சொந்தப் புரதங்களையும் நுண்ணுறுப்புகளையும் உடைத்து, அதில் கிடைப்பதை மறுபடி பயன்படுத்திக்கொள்வது தன்விழுங்கல் (ஆட்டோபேஜி). இதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். அதன் விளைவைப் பார்க்கவோ பிச்சாவரம் போதும். சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரமான தில்லை இந்த அலையாத்திக் காட்டில் வளர்கிறது.  உதிரும் முன் இலை மஞ்சளாகிச் சிவக்கும்.

அது வெறும் வாடல் அல்ல. இலையின் நைட்ரஜனில் பெரும்பகுதி பசுங்கணிகங்களில், குறிப்பாக ருபிஸ்கோ என்னும் நொதியில் இருக்கிறது. இலை முதிரும்போது பசுங்கணிகத்திலிருந்து சிறு துண்டுகள் கிள்ளப்பட்டுப் பிரிகின்றன. இரட்டைச் சவ்வுப் பை அவற்றைச் சூழ்ந்து நுண்குமிழுக்கு (வேக்குவோல்) கொண்டுபோக, அங்குள்ள நொதிகள் புரதத்தை அமினோ அமிலங்களாக வெட்டுகின்றன. அவை தளிருக்குப் போய்ச் சேரும். பச்சையத்தின் கதை வேறு. தனித்து விடப்பட்டால் வெளிச்சத்தில் அது செல்லையே கெடுக்கும் என்பதால், நிறமற்ற பொருளாக மாற்றி நுண்குமிழில் ஒதுக்கப்படுகிறது. அதிலுள்ள நைட்ரஜன் இலையோடு மண்ணுக்குத்தான் போகிறது.

விலங்குச் செல்லில் நுண்குமிழின் இந்தச் செரிக்கும் வேலை லைசோசோமுடையது. அதைக் கண்டறிந்த பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ் தன்விழுங்கலுக்கு 1963இல் ஆட்டோபேஜி என்று பெயரிட்டார். இதற்கான மரபணுக்கள் பிடிபட முப்பது ஆண்டுகள் ஆயின. உயிரியலாளர் யோஷினோரி ஓசுமி, நுண்குமிழில் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டார். செரிக்கப்படாத பைகள் நுண்குமிழுக்குள் குவிந்து கண்ணுக்குத் தெரிந்தன. அந்த எளிய யோசனைதான் 2016இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது.

ஈஸ்ட்டில் ஓசுமி கண்ட இதே வேலை வீராணம் ஏரிப் பாசன வயல்களில் பயிரிலும் தெரியும். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் நெல்லில் முதலில் மஞ்சளாவது அடி இலைதான். தன் புரதத்தை உடைத்து மேல் இலைக்கு அனுப்பிவிடுகிறது. யூரியா போடலாமா என்று விவசாயி பார்க்கும் அடி இலை சரியான இடம்தான். கதிர் பால் பிடிக்கும்போது கண்ணாடி இலை உள்ளிட்ட இலைகளின் நைட்ரஜன் மணிக்குப் போகிறது.

ஜப்பானிய ஆய்வாளர்கள் ஓஎஸ்ஏடிஜி7 என்ற தன்விழுங்கல் மரபணு செயலிழந்த நெல்லை ஆராய்ந்தார்கள். அதில் மகரந்தம் சரியாக முதிரவில்லை. பெரும்பாலும் மணியே பிடிக்கவில்லை. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியிலோ இந்த மரபணுக்கள் பழுதானால் இலை சீக்கிரமே பழுத்துவிடுகிறது.