ரவுண்டுக்கு ஐம்பது காசு

ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் பள்ளியில் கட்டட நிதிக்காக ஜோகாதோன் வைத்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் அட்டை. திடலை ஒரு சுற்று ஓடினால் எவ்வளவு தருவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்த என் மாமா, "ரவுண்டுக்கு அம்பது காசு" என்று கையெழுத்துப் போட்டார். நான் ஓடியது ஆறு ரவுண்டு. அதற்குமேல் முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அட்டையில் பத்து என்று எழுதினேன்.

"பத்தாடா? கெட்டிக்காரன்தான்" என்று மாமா ஐந்து வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வெள்ளி அதிகம்.

பறவைகளை எண்ணிப் பணம் திரட்டியவர்களின் கதைகளை வாசிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வெள்ளி குறுக்கே வந்து நிற்கிறது.

கதை துப்பாக்கியில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆண்கள் அணி பிரிந்து, கண்ணில் பட்ட பறவை விலங்குகளையெல்லாம் சுடுவது ஒரு விளையாட்டு. எந்த அணியின் குவியல் பெரிதோ அந்த அணிக்கு வெற்றி. 1900இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடாதீர்கள், எண்ணுங்கள் என்றார். அந்த கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் 25 இடங்களில் எண்ணினார்கள். இன்றுவரை அந்தக் கணக்கெடுப்பு நிற்கவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. செத்த பறவை தானே சாட்சி. குவியலைப் பார்த்தால் போதும். துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு எண்ணியவனின் வாய்ச்சொல்தான் சாட்சி. பறவை பறந்துவிடும். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர் மட்டும் மிஞ்சும்.

அந்தப் பெயருக்கு விலை வைத்தது கனடா. ஒண்டாரியோவில், ஈரி ஏரியின் வடகரையில் லாங் பாயிண்ட் என்ற மணல் முனை இருக்கிறது. அங்குள்ள பறவை ஆய்வகம் 1976இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மே மாதத்தில் ஏதேனும் 24 மணி நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். எத்தனை இனங்களைப் பார்க்கிறீர்களோ, இனத்துக்கு இவ்வளவு என்று நண்பர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் பறவை ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும். டொரொண்டோவின் பறவையியலாளர் ஜேம்ஸ் பெய்லியின் பெயரால் அது 'பெய்லி பேர்டத்தோன்' ஆனது. எங்கள் மஞ்சள் அட்டையின் தூரத்துச் சொந்தக்காரன். 1984இல் நியூ ஜெர்சியில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை இதையே அணிகளின் பந்தயமாக்கினார்கள். களவழிகாட்டி நூல்களால் புகழ்பெற்ற ரோஜர் டோரி பீட்டர்சன் 75 வயதில் அதில் ஓடியாடினார். அவர் அணி 201 இனங்களைக் கண்டது.

"குடுக்கிறதா இருந்தா சும்மா குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இந்தக் கூத்து?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நமக்கு இது புதிதல்ல. வேண்டுதலுக்காக மடிப்பிச்சை எடுத்துக்கொண்டு நடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். உடல் வருத்தமும் கையேந்துதலும் சேர்ந்தேதான் போகின்றன. என்ன, அங்கே கணக்கு இல்லை. அடிக்கு இத்தனை காசு என்று யாரும் முருகனிடம் பேரம் பேசுவதில்லை.

கணக்கு வந்தால் கூடவே பெட்ரோலும் வந்துவிடுகிறது. அதிக இனம் வேண்டுமென்றால் அதிக இடம் போக வேண்டும். ஓராண்டில் வட அமெரிக்காவில் எத்தனை இனம் பார்க்க முடியும் என்ற பந்தயத்தில் 1973இல் கென் காஃப்மன் என்ற 19 வயதுப் பையன், போகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தி ஏறியே கண்டம் முழுக்கச் சுற்றினான். கால் நூற்றாண்டு கழித்து, 1998இல் சாண்டி கொமிட்டோ 745 இனங்களைத் தொட்டபோது அது விமானங்களின் பந்தயமாகிவிட்டிருந்தது. பறவைகளை நேசிக்கிறேன் என்று சொல்லி அவை பறக்கும் காற்றில் புகையை விடுவது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. புலாவ் பினாங்குக்குக் காரில் போய்ப் பறவை பார்த்தவன்தான் நானும்.

2007 ஜூனில் கனடாவின் யூகான் பகுதியிலுள்ள வைட்ஹார்ஸிலிருந்து மால்கம் பூத்ராய்ட் என்ற 15 வயதுச் சிறுவன் சைக்கிளில் கிளம்பினான். கூட அப்பாவும் அம்மாவும், ஆளுக்கொரு சைக்கிளில். ஓராண்டில் சுமார் 21,000 கிலோமீட்டர். 548 இனங்கள். பறவைப் பாதுகாப்புக்குத் திரண்டது 25,000 டாலருக்குமேல். 2014இல் டோரியன் ஆண்டர்சன் என்ற மூலக்கூறு உயிரியலாளர் மாசசூசெட்ஸ் பனியில் புத்தாண்டு அன்று தனியாக மிதிக்கத் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 28,700 கிலோமீட்டர் ஓட்டி 618 இனங்களைப் பார்த்தார். அவரும் பறவைப் பாதுகாப்புக்காகவே நிதி திரட்டினார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர், 2023இல் வந்த அவருடைய புத்தகம் அதையும் சேர்த்தே பேசுகிறது. வகுத்துப் பார்த்தேன்: ஓர் இனத்துக்கு 46 கிலோமீட்டர்.

சைக்கிளில் போகிறவனுக்குக் கிடைக்காதவை நிறைய. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி அபூர்வப் பறவை வந்திருக்கிறதென்று செய்தி வந்தால், கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான். மோட்டார் படகு கூடாதென்றால் நடுக்கடல் பறவைகளை மறந்துவிட வேண்டும். அதனால் பறவை போகும் நாட்காட்டியை ஒட்டியே வழியை வகுக்க வேண்டியிருக்கிறது. ஏப்ரலில் டெக்சஸ் கரையில் இருந்தால், மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி வரும் கதிர்க்குருவிகள் களைத்து மரங்களில் இறங்குவதைப் பார்க்கலாம். மூன்று கிராம் எடையுள்ள செந்தொண்டை ஹம்மிங்பேர்டும் அந்தக் கடலைத் தாண்டுகிறது. அதன் கிலோமீட்டருக்கு யாரும் காசு தருவதில்லை.

25,000 டாலரை ஒரு பெரிய ஹோட்டலில் ஒரே விருந்தில் திரட்டிவிடலாம். பணத்தை மட்டும் பார்த்தால் 21,000 கிலோமீட்டர் வீண் வேலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாகச் சாலையில் போகும் ஒருவன், யாரும் பார்க்காத ஒரு புதரில் அசைந்த ஒன்றை எண்ணலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்கிறான். எண்ணினால் பட்டியல் நீளும். இனத்துக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டவர்கள் இருந்தால் நல்ல காரியத்துக்குப் பணமும் கூடும். பொய் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பள்ளிக் கட்டடமும் நல்ல காரியம்தான்.

பறவை நோக்குவோரின் பட்டியலில் ஒரு வழக்கம் உண்டு. தூரத்துச் சேற்றில் ஓர் உள்ளான் நின்றது, எந்த உள்ளான் என்று தெரியவில்லை என்றால், 'உள்ளான், இனம் தெரியவில்லை' என்று எழுதிவிடுவார்கள். பார்த்தது பதிவாகும். மொத்த எண்ணிக்கையில் சேராது. அதற்குக் காசும் கேட்க முடியாது.

என் மஞ்சள் அட்டையில் அப்படியொரு கட்டம் இருந்திருந்தால், அந்த நாலு ரவுண்டை அதில் எழுதியிருப்பேனோ என்னவோ. மாமா இப்போது இல்லை.