கப்பலில் வந்தவர்கள்

தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில், கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் இன்றும் நிற்கின்றன. 1749 ஏப்ரலில் இக்கடலில் ஒரு பெரும்புயல் அடித்தது. ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் அப்போது கரையில் இருந்ததால் உயிர் தப்பினார். அவருடைய 'நாமூர்' என்னும் போர்க்கப்பல் கோட்டைக்கு அருகிலேயே மூழ்கியது. 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெற்கே, பரங்கிப்பேட்டைப் பக்கம் சிக்கிய 'பெம்ப்ரோக்' கப்பலில் பிழைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கப்பல்களின் கணக்கைத் துரைமார்கள் கவனமாக எழுதி வைத்தார்கள். அதே இரவில் எத்தனைக் கட்டுமரங்கள் திரும்பவில்லை என்ற கணக்கை நாம் படித்த எந்த நூலும் சொல்லவில்லை.

யாரை எண்ணுவது, யாரை எண்ணாமல் விடுவது என்னும் இந்தக் கேள்வி, 255 ஆண்டுகள் கழித்து அதே கரைக்குத் திரும்பி வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் எழுந்த ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு போனது. மிகக் கடுமையாக அடிபட்ட ஊர்களில் தேவனாம்பட்டினமும் ஒன்று. தெற்கே கிள்ளை, முடசலோடை, எம்.ஜி.ஆர். திட்டு வரை குப்பங்கள் சிதைந்தன.

பரங்கிப்பேட்டை முஸ்லிம்களுக்கு அன்று கல்யாண நாள். விருந்துக்காக அடுப்பில் ஏறியிருந்த சாப்பாடு, அழைக்கப்பட்டவர்களுக்குப் பரிமாறப்படாமல், ஈர உடையோடு ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்குப் போனதை ஊரார் இன்றும் சொல்வார்கள். ஜமாஅத்தின் இளைஞர்கள் குப்பங்களுக்குள் இறங்கி, உயிரோடிருந்தவர்களைத் தூக்கி வந்தார்கள். இறந்தவர்களை அடக்கம் செய்வதிலும் தோள் கொடுத்தார்கள். சமையல் ஒரு வேளையோடு நிற்கவில்லை, பல நாட்கள் நடந்தது. அதுவரை பலருக்கு அந்த மக்களோடு இருந்த பழக்கம் மீன் வாங்குவதோடு முடிந்திருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

செல்வந்தரை அழைத்து ஏழையை விட்டுவிடும் வலீமாதான் உணவுகளில் மிகக் கெட்ட உணவு என்ற நபிமொழியை நாம் எத்தனையோ நிக்காஹ் மேடைகளில் கேட்டிருக்கிறோம். அன்று வாழ்க்கையைத் தொடங்கிய இளம் மணமக்களின் விருந்தை உண்டவர்களில் பெரும்பாலோர் அவர்கள் முகம் அறியாதவர்கள், அந்தக் காலையில்தான் பிள்ளையையோ துணையையோ கடலுக்குக் கொடுத்தவர்கள். அந்த விருந்தில் யாரும் யாருடைய குலத்தையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் கேள்வி தள்ளித்தான் வைக்கப்பட்டது, மறக்கப்படவில்லை. அலை சூழும்போது உள்ளத்தூய்மையோடு இறைவனை அழைத்து, கரையேறியதும் பூமியில் அநீதி செய்யத் தொடங்குவோரைப் பற்றி யூனுஸ் அத்தியாயம் பேசுகிறது. சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரை முகாம்களில் அது கண்கூடாக நடந்தது. ஒரே கூரையின்கீழ்த் தலித் குடும்பங்களோடு தங்க மறுத்தவர்கள் இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில்கூடத் தடை வந்தது. பிச்சாவரம், கிள்ளைப் பக்கத்து இருளர்களில் பலர் உப்பங்கழியில் இறங்கிக் கையாலேயே இறாலும் மீனும் பிடிப்பவர்கள். நிவாரணமோ படகையும் வலையையும் எண்ணியது. படகே இல்லாதவர் எதை இழந்ததாகக் கணக்குக் காட்டுவார்?

முகாம்களில் கல்யாணங்களும் நடந்தன. அவற்றை எல்லாம் காதல் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மனைவியை இழந்தவர்களுக்கு வயது நிரம்பாத பெண்களைக் கட்டி வைத்த செய்திகள் அந்நாளில் வந்தன. அதே நேரத்தில், பிள்ளைகள் அனைவரையும் பறிகொடுத்த தம்பதியர், குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையை மாற்றிச் செய்துகொண்டு மீண்டும் குழந்தை பெற முயன்றார்கள். அரசே அதற்கான செலவை ஏற்றது. அவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து, இன்னொரு முறை தொடங்குவோம் என்று சொல்லியிருப்பார்களே, அதைக் காதல் என்று தயங்காமல் சொல்லலாம்.

அலைக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னர், 2003 ஜூலையில், இதே கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், முருகேசன், கண்ணகி என்ற இரண்டு இளையவர்கள் நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். இருவரும் பட்டதாரிகள். அவர் தலித், அவள் வன்னியர். இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தார்கள், அதுதான் குற்றம். கடலூர் நீதிமன்றத்தின் தீர்ப்பு 2021இல்தான் வந்தது. பேரலையில் சிக்கிய எத்தனையோ பேரை முன்பின் அறியாதவர்களின் கைகள் இழுத்துக் காப்பாற்றின. இவ்விருவரையோ சொந்த ஊரும் உறவும் சேர்ந்து அழித்தன.

இதை அடுத்தவர் வீட்டுச் சங்கதியாகப் படித்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. மரைக்காயர், லெப்பை, ராவுத்தர் என்று பெயரைக் கேட்ட பிறகே பேச்சைத் தொடரும் சம்பந்த வீடுகள் நம்மிடம் இன்னும் உண்டு. புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்துப் பையன் பள்ளியில் நமக்கு முன்வரிசையில் நிற்கலாம். பெண் கேட்டு வந்தால் 'குஃபு' என்ற சொல்லை எடுத்து நீட்டுகிறோம். மரக்கலத்தில் வந்த அரபியர் இந்தக் கரையில் அந்நியராக இறங்கி, இந்த மண்ணின் பெண்களை மணந்து உண்டான வழியினர் நாம் என்று பெருமையாகவும் பேசிக்கொள்கிறோம். அன்று அந்தப் பெண்ணின் தகப்பன் நம்மைப் போலவே குலம் விசாரித்துக் கதவைச் சாத்தியிருந்தால்?

கப்பலில் வந்தவர்களைக் கரையில் இருந்தவர்கள் ஒரு படி கீழாகப் பார்ப்பது மதீனாவிலும் ஒருமுறை நேர்ந்தது. அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) தம் இளம் கணவர் ஜஃபர் (ரலி) அவர்களோடு மக்காவின் கொடுமைக்குத் தப்பி, கடல் தாண்டி அபிசீனியா சென்றவர். அந்நிய நாட்டிலேயே பிள்ளைகள் பிறந்தார்கள். யமனிலிருந்து கிளம்பிய அபூ மூஸா (ரலி) அவர்களின் கூட்டத்தைக் கப்பல் அபிசீனியக் கரையிலேயே கொண்டு சேர்க்க, அவர்களும் இவர்களோடு தங்கினார்கள். கைபர் வெற்றியின்போது எல்லோரும் சேர்ந்தே திரும்பினார்கள்.

ஒருநாள் ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் அஸ்மாவைக் கண்ட உமர் (ரலி), இவர்தான் அந்த அபிசீனியக்காரரா, அந்தக் கடல்காரரா என்று வினவினார். ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம், ஆகவே அல்லாஹ்வின் தூதரிடம் எங்களுக்கே உரிமை அதிகம் என்றும் சொன்னார். அஸ்மா கோபம் கொண்டார். உங்களில் பசித்தவருக்கு உணவளிக்கவும் அறியாதவருக்குக் கற்பிக்கவும் இறைத்தூதர் உடனிருந்தார்கள். நாங்களோ தொலைதூரத்தில், வெறுப்புக்குரிய மண்ணில், அச்சத்தோடு இருந்தோம் என்றார். இதைத் தூதரிடம் சொல்லும் வரை உண்ணவும் மாட்டேன், பருகவும் மாட்டேன் என்று சத்தியமும் செய்தார். சொல்லவும் செய்தார். உமருக்கு உங்களைவிட அதிக உரிமை இல்லை என்று ரசூலுல்லாஹ் (ஸல்) பதிலளித்தார்கள். அவருக்கும் அவருடைய தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கு இரண்டு ஹிஜ்ரத் என்றும் கூறினார்கள்.

அதன் பிறகு அபூ மூஸாவும் கப்பலில் வந்த மற்றவர்களும் கூட்டம் கூட்டமாக அஸ்மாவைத் தேடி வந்து இதைக் கேட்டார்கள். அபூ மூஸா மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாராம்.